என் சேலை, அவர் விரதம்

புதன்கிழமை காலை ஆறு பத்துக்கு மாத்திரை அட்டையை எண்ணினேன். ஞாயிறு இரவு பிரித்த அட்டை. பத்து மாத்திரை, இரவுக்கு ஒன்று. ஏழு இருக்க வேண்டும். ஒன்பது இருந்தன.

என் கணவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. இந்த மாத்திரை ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்று மருத்துவர் மூன்று முறை சொல்லியிருந்தார். மூன்று முறை என்பதை அன்றே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

அவர் பின்வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். எதையும் எழுதிவிட்டுக் கேட்பது என் வழக்கம். ‘ஏழு இருக்க வேண்டும், ஒன்பது இருக்கின்றன’ என்று எழுதினேன். அதற்குக் கீழே எழுத ஒன்றும் வரவில்லை. தவறியது இரண்டு இரவுகள், திங்களும் செவ்வாயும். அந்த இரண்டு இரவும் அவர் ‘கடையிலயே சாப்பிட்டுட்டேன்’ என்று சொல்லிவிட்டு வந்து படுத்திருந்தார். சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். திங்களில் இருந்து எண்ணினால் தசராவின் பத்தாம் நாள் இருபத்தோராம் நாளாக வந்தது. விரதம் தொடங்கிவிட்டார் என்று புரிந்தது.

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் இருபத்தோரு நாளாவது ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருப்பார்கள். திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் கையில் காப்பு கட்டி, நேர்ந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் காணிக்கை கேட்டுப் போவார்கள். பத்தாம் நாள் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். என் கணவர் இருபத்திரண்டு வருடம் வேஷம் கட்டியவர். இந்த வருடம் வேண்டாம் என்று மருத்துவரும் நானும் சொன்னபோது சரி என்றார். சரி என்று அவர் சொன்ன தேதியும் என்னிடம் இருக்கிறது.

நாங்கள் பொருந்தாதவர்கள் என்பது கல்யாணத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நான் ஆற்றங்கரை ஊரில் வாத்தியார் வீட்டுப் பெண். பாசன அலுவலகத்தில் வேலை. காலையில் அணைகளின் நீர்மட்டத்தைத் தொலைபேசியில் கேட்டு, அடியும் பின்னமுமாகப் பதிவது என் முதல் காரியம். அவருக்குச் சீவலப்பேரி. வயல் வேலை செய்த குடும்பம். பாளையங்கோட்டையில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எங்கள் அலுவலகத்துத் தண்ணீர் மோட்டார் எரிந்தபோது கழற்ற வந்தவர், பதிவேட்டில் கையெழுத்துக்குப் பக்கத்தில் முந்தின நாள் தேதியைப் போட்டார். திருத்தச் சொன்னேன்.

“மோட்டார் எரிஞ்சது நேத்துதான மேடம்?” என்றார்.

பதில் தப்பு என்று தெரிந்தும் எனக்குச் சிரிப்பு வந்தது. அலுவலகத்தில் நான் சிரித்து அன்றுதான் பார்த்தோம் என்று உடன் வேலை செய்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

அப்பா சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இரண்டு ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

“கணம் ஒண்ணா இருக்கணும். இது வேற வேற. இடிக்கி,” என்றார் ஜோசியர். விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். “ரஜ்ஜு வேற வேறயா இருக்கணும். இது வேற வேற. நல்லாருக்கு.”

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “வே, ஒண்ணா இருந்தா நல்லதா, வேறயா இருந்தா நல்லதா? தீர்மானமா ஒண்ணச் சொல்லும்.”

“அண்ணாச்சி, சிலது ஒண்ணா இருக்கணும், சிலது வேறயா இருக்கணும். எது எதுன்னு தெரியாமத்தான எங்கிட்ட வந்திருக்கிய?”

 வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, “அவனுக்கே தெரியல. நீயே பாத்துக்க,” என்றார். எங்களுக்குக் கிடைத்த சம்மதம் அவ்வளவுதான்.

அக்காவுக்குப் பத்துப் பொருத்தமும் இருந்தது. அவளும் ஆசிரியை, அத்தானும் ஆசிரியர். துண்டைக்கூட இருவரும் ஒரே மாதிரி நான்காக மடிப்பார்கள். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அத்தான் மாடிக்குக் குடிபோனார். சண்டை இல்லை. காரணம் என்று எதுவும் இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. கீழே ஓர் அடுப்பு, மேலே ஓர் அடுப்பு. இரண்டும் பளிச்சென்று இருக்கும்.

எனக்கு அவருடைய விரதம் முதல் பத்து வருடம் பிடிக்கவே இல்லை. முன்பெல்லாம் நாற்பத்தோரு நாள். மனைவியைத் தொடக் கூடாது, அவள் சமைத்ததைச் சாப்பிடக் கூடாது. பின்கட்டு அறையில் தனி அடுப்பு, தனிப் பாய். ஒரே வீட்டில் என்னைத் தள்ளி வைத்துவிட்டுச் சாமி கும்பிடுவதாகவே எனக்குத் தோன்றும்.

பிறகு ஒரு வருடம் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். மற்ற நாட்களில் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறவர், எந்த ஸ்பேனரை எங்கே வைத்தோம் என்று தெரியாதவர், விரத நாட்களில் நாலரைக்கு எழுந்திருக்கிறார். உழக்கில் அரிசி அளந்து பொங்கி, பாத்திரத்தைத் துலக்கிக் கவிழ்த்திருக்கிறார். நானோ, ஒரு ஆளுக்குச் சமைப்பானேன் என்று பேக்கரியில் பன் வாங்கித் தின்றிருக்கிறேன். தட்டு காலைவரை அப்படியே கிடந்திருக்கிறது. நாற்பத்தோரு நாளில் பதினாறு நாள் நாட்குறிப்பே எழுதவில்லை. வருடத்தில் அந்த நாட்களில் மட்டும் அவர் என்னைப் போல இருந்திருக்கிறார், நான் அவரைப் போல இருந்திருக்கிறேன். காப்பை அவிழ்த்த மறுநாள் ஈரத் துண்டு கட்டிலுக்குத் திரும்பிவிடும். திட்டிக்கொண்டே எடுத்து உலர்த்துவேன். ஆனால் திட்டும்போது ஒரு நிம்மதி இருக்கும்.

அவர் கட்டுவது பெண் வேஷம். ஆண்கள் பெண் வேஷம் கட்டுவது அங்கே வழக்கம்தான். ஒவ்வொரு வருடமும் என் பழைய சேலை ஒன்று போய், கடற்கரை மணலோடு திரும்பி வரும். எந்த வருடம் எந்தச் சேலை என்று பட்டியல் வைத்திருக்கிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் அலுவலகம் விட்டு வரும்போது தெருமுனையில் மேளச் சத்தம், கூட்டம். நடுவில் ஒரு பெண். என் பழுப்புச் சேலை. என்னுடையதைப் போலவே கண்ணாடி. கைக்கடிகாரம் மணிக்கட்டின் உள்பக்கம் திரும்பியிருந்தது. கக்கத்தில் ஒரு பதிவேடு. டீக்கடைக்காரரைப் பார்த்து அந்தப் பெண், “வடை போட நாலு நிமிசம் லேட்டு. எழுதிக்கிடுதேன்,” என்று சொல்லி, பேனா மூடியைப் பல்லால் கழற்றி எழுதினாள். கூட்டம் சிரித்தது. எதிர்வீட்டு அம்மா என் பக்கம் திரும்பி, “ஏயம்மா, ஒன்னைய உரிச்சு வச்சிருக்கு,” என்றாள்.

நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். காப்பு கட்டியவரிடம் சண்டை போடக் கூடாது. நான்கு நாள் காத்திருந்தேன். காப்பை அவிழ்த்துவிட்டு வந்ததும் கேட்டேன்.

“ஊரே என்னையப் பாத்துச் சிரிக்க வச்சுட்டியளே?”

“என்னையப் பாத்துலா சிரிச்சுது.”

“என் வேஷத்தைக் கட்டினா யாரைப் பாத்துச் சிரிக்கும்?”

“காளி வேசம் கட்டுதவன் காளியக் கேலி பண்ணவா கட்டுதான்?” என்றார். உண்மையிலேயே அவருக்கு என் கோபம் புரியவில்லை.

நான் பேனா மூடியைப் பல்லால் கழற்றுவேன் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அன்று நாட்குறிப்பை எடுத்தபோது கவனித்தேன். பல்லால்தான் கழற்றினேன். வைத்த ஸ்பேனரை மறக்கிறவர் இதைப் பார்த்து வைத்திருக்கிறார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அதே வேஷம்தான். நானும் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். முகம் துடைத்துக்கொண்டே வந்தவர் முன்னால் அட்டையை வைத்தேன்.

“ஏழு இருக்கணும்.”

அவர் குனிந்து எண்ணினார். “ஒம்போது இருக்கு.”

“அதைத்தான் கேக்கேன்.”

“விரதம் தொடங்கிட்டேன். சொன்னா நீ விடமாட்டன்னு சொல்லல.”

“விரதம் இருந்தா மாத்திரையை நிறுத்தணும்னு யார் சொன்னா?”

“நீதான் சொன்ன.”

“நானா?”

அவர் ஃபிரிட்ஜைக் காட்டினார். அதன் கதவில் என் கையெழுத்தில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டு நான் ஒட்டியிருந்த தாள்: ‘இரவு மாத்திரை: சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும். வெறும் வயிற்றில் போடக் கூடாது.’ ‘மட்டும்’ என்பதற்கு இரண்டு அடிக்கோடு.

“ராத்திரிச் சாப்பாடு கெடையாது. வெறும் வயித்துல போடக் கூடாது. அதான் போடல. காலை மாத்திரைய மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போட்டேன். நீ எழுதுனபடிதான் செஞ்சிருக்கேன்.”

இருபத்தாறு வருடத்தில் அந்த வீட்டில் நான் எத்தனையோ தாள்கள் ஒட்டியிருக்கிறேன். மோட்டாரை நிறுத்தவும். பின்கதவைத் தாழிடவும். சாவியை ஆணியில் மாட்டவும். ஒன்றைக்கூட அவர் மதித்ததில்லை. முதன்முதலாக ஒரு தாளுக்கு வரி பிசகாமல் கீழ்ப்படிந்திருக்கிறார். அது அவர் உயிரைக் கொண்டுபோயிருக்கும்.

நான் உட்கார்ந்துவிட்டேன். “யாரைக் கேட்டு நேந்திய?” என்றேன்.

“ஆஸ்பத்திரியில மேசைல படுக்க வச்சுட்டாங்க. ஒன்னைய வெளிய நிப்பாட்டிட்டாங்க. வேற யாரக் கேக்க?”

“என்னன்னு நேந்திய?”

“எந்திரிச்சு வந்தா இந்த வருசமும் ஒன் சேலையக் கட்டுதேன்னு.”

அலுவலகத்தில் அன்று ஓர் அணையின் நீர்மட்டத்தை இரண்டு முறை தப்பாகப் பதிந்து திருத்தினேன். நான் தடுத்தால் அவர் நின்றுவிடுவார். ஆனால் நெஞ்சில் சின்னதாகக் குத்தினால்கூட, சொன்னதைச் செய்யாமல் விட்டோமே என்றுதான் நினைப்பார். அந்த நினைப்போடு மிச்ச வருடங்களை அவர் கழிக்க வேண்டும், நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். தடுக்காவிட்டால், மறுபடியும் அந்த ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே நான் நிற்க வேண்டி வரலாம். இந்தத் தடவை அது திறக்காமலும் போகலாம்.

மதிய இடைவேளையில் அக்காவுக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “ஏட்டி, அந்த மனுசனக் கட்டாதன்னு அப்பவே சொன்னேம்லா,” என்றாள். வருடத்துக்கு இரண்டு முறையாவது சொல்வது. பிறகு, “மாத்திரைய நீ எண்ணவா செய்யுத?” என்று கேட்டாள்.

“புதனும் ஞாயிறும். அவர் மறந்துருவாரே.”

 “ஒங்க அத்தானுக்கும் சுகர் மாத்திரை இருக்கு. ஒரு நாள் தவற மாட்டாரு. அதனால நான் எண்ணுனதே இல்ல. அட்டை என்ன கலர்னு கேட்டாக்கூட எனக்குத் தெரியாது.”

“ஒரு நாள் மாடிக்குப் போய்ப் பாரேன்.”

“போனா என்ன விசயம்னு கேப்பாரு. என்னத்தச் சொல்ல? எல்லாம் சரியாத்தான இருக்கு.”

 மணி ஒன்று ஐம்பத்தெட்டு என்று சொல்லிப் போனை வைத்தேன். அவளும் நேரத்தை மதிப்பவள், புரிந்துகொண்டாள்.

மாலையில் அவரை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். என் கேள்விகளைத் தாளில் எழுதி நீட்டினேன். மருத்துவர் முதலில் என் கணவரைக் கடிந்துகொண்டார். பிறகு பரிசோதித்துவிட்டுச் சொன்னார். இரவில் பாலும் இரண்டு பழமும் வயிற்றில் இருந்தால் அந்த மாத்திரைக்குப் போதும். காலை மாத்திரைகளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஆட்டம் கூடாது. வெயிலில் நடை கூடாது. வெளியே போனால் கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

“பாலும் பழமும் சாப்பிட்டா விரதம் என்னத்துக்கு ஆகும்?” என்று வரும் வழியெல்லாம் அவர் முனகினார். நேராகத் தசராக் குழுத் தலைவரின் கடைக்குப் போனோம். இரும்புச் சாமான் வியாபாரி, எல்லோருக்கும் அண்ணாச்சி. கேட்டுவிட்டு என் கணவரைப் பார்த்து, “ஏலே, பாலும் பழமும் எப்பல சாப்பாடாச்சு? அம்மன் என்ன டாக்டருக்கு விரோதியா? பேசாம அந்தம்மா சொல்லுதபடி கேளு,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய தாளைக் கிழித்தேன். புதியது ஒட்டினேன்: ‘இரவு எட்டு மணி: பால், பழம், மாத்திரை.’ எதற்கும் அடிக்கோடு போடவில்லை.

அதன் பிறகு அவர் மாலை போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். முன் வருடங்களைப் போலவே நாலரைக்கு எழுந்தார், அரிசி அளந்தார், பாத்திரத்தைக் கவிழ்த்தார். ஒன்று மட்டும் மாறியது. எட்டு மணிக்கு அவர் பாலைக் காய்ச்சி நிலைப்படிக்கு அந்தப் பக்கம் உட்காருவார். நான் பன்னை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் உட்காருவேன். மாத்திரை உள்ளே போகும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

“வாயத் தொறங்க.”

“முழுங்கிட்டேன்டி.”

“தொறங்க.”

திறந்து காட்டுவார். பிறகு அவர் அன்று எரிந்து வந்த மோட்டாரைப் பற்றிச் சொல்வார், நான் அணையின் மட்டத்தைச் சொல்வேன். காயில் கட்டும்போது ஒரு சுற்றுக்கூடக் கூடவோ குறையவோ கூடாது என்பதும், யாராவது கூப்பிட்டால்கூட எண்ணி முடிக்காமல் நிமிர மாட்டார் என்பதும் அந்தப் படியில் உட்கார்ந்துதான் எனக்குத் தெரிந்தது. கடைக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை என்று எத்தனை வருடம் கோபப்பட்டிருக்கிறேன். தட்டைக் கழுவாமல் போட்டுவிட்டுப் படுப்பதை மட்டும் இந்த வருடமும் நான் விடவில்லை.

பத்தாம் நாள் குழுவோடு வேனில் புறப்பட்டோம். கூட இருக்க வேண்டியவள் நான்தான். முந்தின நாள் அவருக்குச் சேலை எடுத்து வைத்தேன். பொங்கலுக்கு வாங்கிய பச்சை.

“இது புதுசுலா?” என்றார்.

“என் சேலைன்னுதான நேந்திய? பழசுன்னு சொல்லலையே?”

 குழுவில் ஒருவர் அவருக்குக் கட்டிவிட்டார். நான் தள்ளி நின்று, மடிப்பு இடதுபக்கம் சாய்கிறது என்று மட்டும் சொன்னேன்.

குலசேகரன்பட்டினத்தில் தெருவெல்லாம் காளிகளும் ராஜாக்களும் குரங்குகளும் கரடிகளும். எங்கள் குழு நடுத்தெருவில் ஆட, இவரை ஓரமாக ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். பச்சைச் சேலை, கண்ணாடி, உள்பக்கம் திரும்பிய கடிகாரம், மடியில் பதிவேடு, முன்னால் காணிக்கைத் தட்டு. உட்கார்ந்தபடியே போகிறவர்களிடம், “ஏன் இவ்வளவு நேரம்? எழுதிக்கிடுதேன்,” என்று விரட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு கையில் தண்ணீரும் மாத்திரையும் பழமும் உள்ள பை, மறு கையில் அவருக்கு மேல் பிடித்த குடை. வெயில் இறங்கி, விளக்குகள் போட்டபிறகுதான் குடையை மடக்கினேன்.

அப்போது ஒரு வயதான அம்மா வந்தாள். அவர் தட்டில் காணிக்கை போட்டு, வேஷத்துக்கு உரிய மரியாதையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். என் கண்ணாடியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ரெண்டு பேருக்கும் ஒரே வேசமா?” என்று கேட்டாள்.

“ஆமா,” என்றார் என் கணவர், என் குரலில்.

அவள் என்னை மேலும் கீழும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். “ஒக்காந்திருக்கது நல்லா அமைஞ்சிருக்கு,” என்றாள். “நிக்கதுக்கு வேசம் பத்தல. சவம், பவுடராச்சும் போட்டிருக்கலாம்.” ஆனாலும் மனது கேட்காமல் என் கையிலும் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போனாள்.

அவர் தோள் குலுங்கியது. பதிவேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

“பைய சிரிங்க, மூச்சு வாங்கும்,” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நேரம் நிற்கவில்லை. மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சூரசம்ஹாரம் கடற்கரையில் நள்ளிரவுக்கு. அதுவரை இருக்கப் போவதில்லை என்று அண்ணாச்சியிடம் முன்பே சொல்லியிருந்தோம். என் கணவர் காணிக்கையைக் கோயிலில் சேர்த்தார். அந்த அம்மா எனக்குக் கொடுத்த நாணயத்தையும் அதோடு சேர்த்துப் போடச் சொன்னேன். வேன் நின்ற இடத்துக்கு வரும்போது மணி ஏழு ஐம்பது. பத்து நிமிடம் காத்திருந்து பையைத் திறந்தேன். பழம் எடுத்துக் கொடுத்தேன், பிளாஸ்க்கில் அவரே காய்ச்சி ஊற்றிக்கொண்டு வந்த பாலைக் கொடுத்தேன். பிறகு அட்டையைப் பார்த்தேன். அந்தப் புதன்கிழமை எண்ணிய அட்டைக்கு அடுத்த அட்டை. ஒன்று இருக்க வேண்டும்.

ஒன்று இருந்தது.